வாத்து ஸ்டாம்பா, டிரவுட் ஸ்டாம்பா? அமெரிக்க வேட்டை, மீன்பிடி ஸ்டாம்புகளில் எதைச் சேர்ப்பது

தபால்தலை சேர்க்கும் பழக்கத்தோடு அமெரிக்காவில் குடியேறுபவர்கள் அங்கே ஒரு வித்தியாசமான ஸ்டாம்பைப் பார்ப்பார்கள். வாத்துப் படம் இருக்கும், விலை 25 டாலர், ஆனால் அதை ஒட்டிக் கடிதம் அனுப்ப முடியாது. நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கட்டணத்தின் ரசீது அது. மாநிலங்களும், சில உள்ளூர் நிர்வாகங்களும், பழங்குடி ஆட்சிப் பகுதிகளும் இதே முறையில் வாத்துக்கு, மானுக்கு, காட்டு வான்கோழிக்கு, டிரவுட் மீனுக்கு என்று தனித்தனியாக ஸ்டாம்ப் வெளியிட்டிருக்கின்றன. லைசென்ஸில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுப் பயன்படுத்துவதுதான் பழைய வழக்கம். நம் ரெவின்யூ ஸ்டாம்புக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சேகரிப்பில் இறங்க நினைக்கும் வாசகர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மத்திய அரசின் வாத்து ஸ்டாம்ப் வரிசையை மிண்டாக, அதாவது பயன்படுத்தாத புத்தம் புதிய நிலையில், சேர்ப்பதா, கையெழுத்திட்டதையே சேர்ப்பதா, மாநில வாத்து ஸ்டாம்புகளுக்குப் போவதா, இல்லை யாரும் அதிகம் தொடாத மீன் ஸ்டாம்பு, உள்ளூர் ஸ்டாம்பு பக்கம் போவதா? நான்குக்கும் ரசிகர்கள் உண்டு, நான்கிலும் பணம் விட்டவர்களும் உண்டு.

"வேட்டையே பிடிக்காதே, இதைச் சேர்க்கலாமா" என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய வாத்து ஸ்டாம்பில் கட்டும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படிக் காக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கியைத் தொடாத பறவை நோக்கர்களும் இதை வாங்குகிறார்கள். நடப்பு ஆண்டின் ஸ்டாம்ப் கையில் இருந்தால், நுழைவுக் கட்டணம் உள்ள தேசிய வனவிலங்குப் புகலிடங்களுக்குள் அதைக் காட்டியே போகலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் செலவு. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது, அது எந்த இடத்தில் குவிகிறது என்று பார்க்க வேண்டும். சில வரிசைகளில் முதல் சில ஸ்டாம்புகளே பட்ஜெட்டை விழுங்கிவிடும்.

இரண்டாவது, வரிசையை முடிக்க முடியுமா. ஆல்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தூக்கம் வராதவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. மூன்றாவது, தகவல். கேட்லாக் இருக்கிறதா, இல்லை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா? நான்காவது, ஏமாறும் வாய்ப்பு. ஐந்தாவது, நாளைக்கு விற்க வேண்டி வந்தால் வாங்க ஆள் உண்டா.

இந்த ஐந்தோடு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதும் சேரும். டல்லாஸில் இருந்து வாங்குவதும் தாம்பரத்தில் இருந்து வாங்குவதும் ஒன்றல்ல.

## முதல் வழி: மத்திய வாத்து ஸ்டாம்ப், மிண்ட்

1930களின் வறட்சியில் சதுப்பு நிலங்கள் காய்ந்து, வாத்துகளின் எண்ணிக்கை சரிந்த நேரத்தில் பிறந்தது இந்த ஸ்டாம்ப். 1934 மார்ச்சில் அதிபர் ரூஸ்வெல்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆகஸ்டில் ஒரு டாலர் விலையில் முதல் ஸ்டாம்ப் வந்தது. படம் வரைந்தவர் ஜே என் 'டிங்' டார்லிங். அயோவா மாநிலத்துப் பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட், புலிட்சர் பரிசு இரண்டு முறை வாங்கியவர். அப்போது உயிரியல் ஆய்வுத் துறையின் தலைவர் நாற்காலியிலும் அவர்தான் இருந்தார். மாதிரிக்காக அவசரமாகப் போட்டுக் கொடுத்த வரைவே அச்சுக்குப் போய்விட்டது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நீரில் இறங்கும் அந்த இரண்டு மல்லார்டு வாத்துகளைப் பார்த்தால் வரைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அன்று முதல் ஆண்டுக்கு ஒன்று, இடைவெளியே இல்லை. 2025 வரை 92 ஸ்டாம்புகள். முகமதிப்பை, அதாவது ஸ்டாம்பில் அச்சிட்ட விலையை, மட்டும் கூட்டினால் 849 டாலர் வரும். ஆனால் சந்தைக் கணக்கு நேர்மாறானது. முகமதிப்பில் முக்கால் பங்கு 1991க்குப் பிந்தைய 15 டாலர், 25 டாலர் ஸ்டாம்புகளில் இருக்கிறது. நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும் பங்கு 1930களின் ஒரு டாலர் ஸ்டாம்புகளுக்குப் போகும்.

முதல் ஆண்டு ஸ்டாம்பு மிண்டாகக் கிடைப்பது ஏன் கடினம் என்பதற்குக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் லைசென்ஸில் ஒட்டாமல் வெறும் ஸ்டாம்பை விற்கக் கூடாது என்று விதி. சேகரிப்பாளர்கள் சத்தம் போட்ட பிறகு, 1935இல் சட்டத்தைத் திருத்தித்தான் அவர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். அதற்குள் ஒரு பருவம் போய்விட்டது. இரண்டாவது ஸ்டாம்பான 1935இன் கேன்வாஸ்பேக் வாத்து, ஓவியர் ஃபிராங்க் பென்சன் வரைந்தது, மொத்தமே 4,48,204 தான் விற்றது. 1970களின் தொடக்கத்தில் ஓர் ஆண்டுக்கு 24 லட்சம் போனதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தகவலைப் பொறுத்தவரை இதைவிட வசதியான வரிசை கிடையாது. அமெரிக்கத் தபால்தலைக்காரர்களின் பொதுப் பட்டியலான ஸ்காட் கேட்லாக்கில் ஆர்டபிள்யூ என்ற எழுத்துகளோடு ஒன்று முதல் வரிசை எண் இருக்கிறது. டீலர்கள் எல்லோரும் அந்த எண்ணிலேயே பேசுவார்கள். ஹூஸ்டனைச் சேர்ந்த டீலர் பாப் டுமேன் போன்றவர்கள் இதையே வாழ்நாள் வேலையாக வைத்துக் கட்டுரையும் நூலும் எழுதியிருக்கிறார்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தில் வாத்து ஸ்டாம்புக்கென்றே ஒரு கூடம் உண்டு. அது டென்னசியின் ஜெனெட் கேன்ட்ரல் ரூடி பெயரில் இருக்கிறது. மத்திய வாத்து ஸ்டாம்ப் சேகரிப்பில் அவரைத் தாண்டிய பெயர் சொல்வது கஷ்டம்.

ஓவியம் பிடித்தவர்களுக்கும் இந்த வரிசையே விருந்து. 1949 முதல் திறந்த போட்டி வைத்துப் படம் தேர்ந்தெடுக்கிறார்கள். அயோவாவின் மேனார்டு ரீஸ் ஐந்து முறை தேர்வானவர். வாயில் வாத்தைக் கவ்விய லேப்ரடார் நாயை 1959 ஸ்டாம்பில் வரைந்தவர் அவர். நாயை முன்னால் வைத்த ஒரே ஸ்டாம்ப் அது, அந்த நாய்க்கு கிங் பக் என்று பெயர்கூட உண்டு. பிற்காலத்தில் மினசோட்டாவின் ஹாட்மன் சகோதரர்கள் மூவரும் மாறி மாறி ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள். மற்ற ஓவியர்கள் நொந்துகொள்ளும் அளவுக்கு.

மறைமுகச் செலவு முழுக்கப் பசையில் இருக்கிறது. பின்பக்கப் பசை தொடப்படாமல், ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்ட உதவும் சிறு தாள் துண்டு) ஒட்டிய தடமே இல்லாமல் இருந்தால் ஒரு விலை. தடம் இருந்தால் அதிலிருந்து கணிசமாகக் குறையும். இந்த வித்தியாசம் பெரிதாக இருப்பதால்தான் பழைய ஸ்டாம்புக்குப் புதுப் பசை தடவி விற்கிறார்கள். மங்கிய கையெழுத்தை ரசாயனத்தால் அழித்து மிண்ட் என்று சொல்லி விற்பதும் உண்டு. புற ஊதா விளக்கில் மையின் தடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். 1930களின் விலையுயர்ந்த ஸ்டாம்பை நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் வாங்கவே வேண்டாம். சான்றிதழுக்குக் கட்டணம், அனுப்பிப் பெறும் காப்பீடு, ஸ்டாம்பைப் பசை படாமல் வைக்கும் நல்ல மவுண்ட் உறை, இதெல்லாம் ஸ்டாம்ப் விலைக்கு மேல்.

எப்போது இது சரி: பணம் இருக்கிறது, அமெரிக்காவிலேயே வசிக்கிறீர்கள், முழு வரிசை வேண்டும், பிற்பாடு விற்கவும் வழி வேண்டும் என்றால்.

## இரண்டாம் வழி: அதே வரிசை, கையெழுத்திட்டது

என் ஓட்டு இதற்குத்தான், அதை மறைக்கப் போவதில்லை.

இந்த ஸ்டாம்பின் வேலையே ஒட்டப்படுவதும், முகத்தில் மையால் கையெழுத்திடப்படுவதும்தான். 1934இல் யாரோ ஒரு விவசாயி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதிகாலையில் சதுப்பில் இறங்கிய தாளும், ஆல்பத்திலேயே தூங்கிய தாளும் என் கணக்கில் ஒன்றல்ல. சந்தையின் கணக்கு வேறு. அது இரண்டாவதற்குப் பல மடங்கு கொடுக்கிறது. முதல் பத்து ஆண்டு ஸ்டாம்புகளிலேயே மிண்டுக்கும் கையெழுத்திட்டதற்கும் இருக்கும் இடைவெளி சிறியது இல்லை. பிற்கால ஸ்டாம்புகள் சில டாலருக்கே கிடைக்கும். 92ஐயும் சேர்க்கும் ஆசை நடுத்தர வருமானத்தில் சாத்தியமாவது இந்த வழியில்தான்.

இன்னும் மேலானது முழு லைசென்ஸோடு கிடைப்பது. வேட்டைக்காரரின் ஊர், வயது, சில நேரம் உயரம், கண்ணின் நிறம் வரை அதில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே மாநில ஸ்டாம்பும் ஒட்டியிருந்தால் அது ஒரு சிறிய ஆவணம். தயவுசெய்து அதை நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்காதீர்கள். தபால்தலைக்காரர்களுக்குக் கை பரபரக்கும், தெரியும். ஆனால் பிரித்த கணத்தில் மதிப்பில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும்.

குறை இல்லாமல் இல்லை. மடிப்பு, கிழிசல், பேனா மை ஊறிய கறை என்று நல்ல நிலையில் இருப்பது குறைவு. கையெழுத்தும் இல்லாமல் பசையும் இல்லாமல் இருப்பவை இரண்டும் கெட்டான்கள். அவற்றை மிண்ட் விலைக்கு அருகில் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். விற்கும்போது பெரிய தொகை வராது. இதைச் சேர்ப்பவர் லாபத்துக்குச் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று, இந்த வரிசையின் வால் பகுதி மெலியப் போகிறது. மின்னணு ஸ்டாம்ப் 2007 முதல் சோதனையாக வந்தது. 2023 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு மின்னணுச் சான்றே பருவம் முழுக்கச் செல்லும். அப்படி வாங்கியவர்களுக்குக் காகித ஸ்டாம்பைப் பருவம் முடிந்த பிறகு, மார்ச் 10க்கு மேல்தான் தபாலில் அனுப்புகிறார்கள். அது கைக்கு வரும்போது சட்டைப் பையில் வைக்க வேண்டிய தேவையே இருக்காது. எனவே லைசென்ஸில் ஒட்டி, சதுப்பில் நனைந்த சமகால ஸ்டாம்ப் இனி அரிதாகலாம் என்பது என் ஊகம்.

எப்போது இது சரி: பட்ஜெட் சிறியது, இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாங்குகிறீர்கள், கதை முக்கியம் என்றால்.

## மூன்றாம் வழி: மாநில வாத்து ஸ்டாம்புகள்

படம் போட்ட மாநில வாத்து ஸ்டாம்பை 1971இல் தொடங்கி வைத்தது கலிபோர்னியா. அடுத்த ஆண்டு அயோவா வந்தது, மேனார்டு ரீஸின் மல்லார்டு வாத்துகளோடு. 1974இல் மேரிலாந்தும் மாசசூசெட்ஸும். பிறகு மழைக்காலக் காளான்தான். 1980களில் மாநிலம் மாநிலமாகக் கிளம்பினார்கள், 1996இல் ஹவாயும் சேர்ந்தது.

வருமானம் வருகிறது என்று தெரிந்ததும் சில மாநிலங்கள் வேட்டைக்காரருக்கு ஒரு வடிவம், சேகரிப்பாளருக்கு ஒரு வடிவம் என்று இரண்டு அச்சடித்தன. ஒன்றில் பெயர் எழுத ஓரத்துண்டு இருக்கும், மற்றதில் இருக்காது. 1980களின் பிற்பகுதியில் சில இடங்களில் ஆளுநரின் பெயரில் அதிக விலைச் சிறப்புப் பதிப்புகளும் வந்தன. இவற்றில் பல எந்த லைசென்ஸிலும் ஒட்டப்பட்டதே இல்லை. நேராக ஆல்பத்துக்காகவே பிறந்தவை.

அந்தக் காலத்தில் வாத்து ஓவிய அச்சுப்படங்களும் ஸ்டாம்பும் சேர்த்து ஒரு முதலீட்டு மோகம் கிளம்பியது. ஜெயித்த ஓவியர்கள் அச்சுப்படங்களால் லட்சக்கணக்கில் சம்பாதித்தார்கள். வாங்கியவர்களில் பலர் இன்று வாங்கிய விலையைக்கூட எடுக்க முடியாமல் இருக்கிறார்கள். 1980களின் இரண்டாம் பாதி, 1990களின் மாநில மிண்ட் ஸ்டாம்புகளில் பல முகமதிப்புக்குக் கீழேயே கிடைக்கின்றன. "பழசு, அமெரிக்கா, வரையறுக்கப்பட்ட பதிப்பு" என்ற மூன்று சொற்களை நம்பிப் பெட்டியோடு வாங்குபவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். மறுபக்கம் பார்த்தால், அழகுக்காக மட்டும் வாங்குபவருக்கு இதைவிட மலிவான காலம் இல்லை.

விதிவிலக்கு ஆரம்ப ஆண்டுகள். 1971 கலிபோர்னியா மிண்டாகத் தேடினால் விலை உங்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

முடிக்க முடியுமா என்றால், 50 மாநிலங்களையும் வடிவ வேறுபாடுகளோடு முடிப்பது பெருங்கடல். பல மாநிலங்கள் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டதால் கடல் முன்போல் வளரவில்லை என்பது ஒரு நிம்மதி. ஆல்பமும் அதன் ஆண்டுப் பக்கங்களும் ஸ்டாம்பை விட அதிகச் செலவு வைக்கலாம், அதையும் கணக்கில் எடுங்கள். நடைமுறையில் நல்ல வழி ஒரு மாநிலத்தை எடுத்து முடிப்பது. நீங்கள் வசிக்கும் மாநிலம் என்றால் உள்ளூர்ச் சந்தைகளிலேயே கிடைக்கும்.

கனடா விருப்பம் உள்ளவர்களுக்கு ஒரு வரி: அங்கே தேசிய ஸ்டாம்ப் 1985இல் ராபர்ட் பேட்மனின் மல்லார்டு ஜோடியோடு தொடங்கியது. வரிசை சிறியது, முடித்துவிடலாம். டொரொன்டோ வாசகர்களுக்கு என் சிபாரிசு அதுவே.

எப்போது இது சரி: படத்துக்காகச் சேர்க்கிறீர்கள், விற்கும் எண்ணம் இல்லை என்றால்.

## நான்காம் வழி: மீன், உள்ளூர், பழங்குடிப் பகுதி ஸ்டாம்புகள்

மீனுக்கு மத்திய அரசு ஸ்டாம்பே கிடையாது, எல்லாம் மாநிலங்களின் கைவேலை. டிரவுட் ஸ்டாம்புகள் பல மாநிலங்களில் பல காலம் வந்தன. படமே இல்லாமல், ஆண்டும் விலையும் வரிசை எண்ணும் மட்டும் அச்சான சிறு சிறு தாள்கள்தான் பழையவை. அழகு தேடுபவர் இந்தப் பக்கமே வரமாட்டார், அதனாலேயே இது சுவாரசியம்.

கான்சஸ் மாநிலத்தில் மேரியன் கவுண்டி ஏரி என்று ஒன்று. அந்த ஒரு ஏரியில் வாத்து சுட, 1940களில் தொடங்கி 1973 வரை தனி ஸ்டாம்ப் போட்டார்கள். வாங்கியவர்கள் சில நூறு பேருக்குள் இருக்கும் உள்ளூர்க்காரர்கள், பருவம் முடிந்ததும் தூக்கிப் போட்டார்கள். சில ஆண்டுகளுடையவை விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சியிருக்கின்றன. பென்சில்வேனியா, ஒகாயோ எல்லையில் உள்ள பைமட்யூனிங் ஏரிக்கு 1930களின் இறுதியிலேயே ஸ்டாம்ப் இருந்தது. தெற்கு டகோட்டாவில் ரோஸ்பட், க்ரோ க்ரீக், லோயர் ப்ரூல் போன்ற பழங்குடிப் பகுதிகள் தங்கள் நிலத்தில் வேட்டையாட வருவோருக்குச் சொந்தமாக ஸ்டாம்ப் வெளியிட்டன. தங்கள் மண்ணின் மேல் தங்களுக்குள்ள உரிமையை ஒரு சிறு தாளில் அவர்கள் அச்சிட்ட விதம் அது.

இந்தப் பிரிவைச் சேகரிப்பாக்கியதில் முதல் பெயர் கலிபோர்னியாவின் இ எல் வாண்டர்ஃபோர்டு. நண்பர்களுக்கு வெறும் 'வான்'. தபால்தலை உலகம் இவற்றைக் குப்பை என்று ஒதுக்கிய காலத்தில், தேடித் தேடிப் பட்டியலிட்டு 1973இல் மீன், வேட்டை ஸ்டாம்புகளுக்கான கையேட்டை வெளியிட்டார். எது இருக்கிறது என்றே தெரியாத துறையில் அதுதான் முதல் வரைபடம். அவருக்குப் பின் வந்தவர்களில் டேவிட் டோரி முக்கியம். பழைய மாநில, உள்ளூர் ஸ்டாம்புகளைக் கண்காட்சிகளில் வைத்து, ஒவ்வொன்றின் பின்னணியையும் நீளமாக எழுதி, இத்துறைக்கு மரியாதை வாங்கித் தந்தவர். அமெரிக்காவின் மாநில வரி ஸ்டாம்ப் சங்கத்தினரிடமும் நிறையத் தகவல் கிடைக்கும்.

கேட்லாக் பார்த்து டிக் அடிக்கும் பழக்கம் இங்கே செல்லாது. ஸ்காட்டில் இவை பெரும்பாலும் இல்லை. விலையும் நிலையில்லை, இரண்டு பேர் ஏலத்தில் மோதினால் ஒரு விலை, ஒருவர் மட்டும் இருந்தால் வேறு விலை. மறைமுகச் செலவு நேரம்தான்: பழைய லைசென்ஸ் கட்டுகளைக் கிளறுவது, மாநிலத் துறைகளுக்கு எழுதுவது, டீலரின் பெட்டியில் அடியில் கிடப்பதைப் பார்ப்பது. எளிய அச்சு என்பதால் போலி செய்வதும் எளிது. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு விலை குறைவாக இருப்பதால் போலி செய்பவருக்கு லாபமில்லை. அரியவற்றுக்கு மட்டும் வந்த வழியைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது இது சரி: தேடுவதே சுகம், காலி கட்டம் உறுத்தாது, யாரும் எழுதாததை எழுத ஆசை என்றால்.

## ஒரே பார்வையில்

| | மத்திய மிண்ட் | மத்திய கையெழுத்திட்டது | மாநில வாத்து | மீன், உள்ளூர், பழங்குடி |
|---|---|---|---|---|
| செலவு | அதிகம், 1930களில் குவியும் | மிதம் | தொடங்க மலிவு, முழுதாகச் சேர்த்தால் பெருகும் | பெரும்பாலும் மலிவு, அரியவை மிக அதிகம் |
| முடிக்க முடியுமா | முடியும் | முடியும் | ஒரு மாநிலம் என்றால் முடியும் | முடியாது |
| தகவல் | ஏராளம் | ஏராளம் | போதுமான அளவு | நாமே தேட வேண்டும் |
| ஏமாறும் வாய்ப்பு | பசை, அழித்த கையெழுத்து | குறைவு | போலியை விட விலையில் ஏமாற்றம் | அரியவற்றில் மட்டும் |
| விற்பது | எளிது | சுமார் | கடினம் | சரியான ஆள் கிடைத்தால் நன்று |

## வாங்குவதற்கு முன்

தமிழ்நாட்டிலிருந்து வாங்குபவர்கள் ஸ்டாம்ப் விலையோடு பதிவுத் தபால் கட்டணம், சுங்கம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பத்து டாலர் ஸ்டாம்பு ஒவ்வொன்றாக வரவழைத்தால் தபால் செலவே அதை மிஞ்சும். ஒரே டீலரிடம் பட்டியல் கொடுத்து மொத்தமாக வாங்குவது மேல். மிண்ட் ஸ்டாம்பின் பசைக்கு நம் கடலோர ஈரப்பதம் எமன். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மழைக்காலத்தில் ஆல்பத்தோடு ஒட்டிக்கொண்டால் கொடுத்த கூடுதல் பணம் எல்லாம் வீண். கையெழுத்திட்டதை நான் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்த ஆண்டின் 25 டாலர் ஸ்டாம்பில் தொடங்கலாம், புகலிடங்களுக்கு நுழைவுச் சீட்டாகவும் ஆகும். குழந்தைகள் இருந்தால் 5 டாலர் இளையோர் வாத்து ஸ்டாம்ப் 1993 முதல் வருகிறது. அதன் படங்களைப் பள்ளி மாணவர்களே வரைகிறார்கள்.

லைசென்ஸோடு வாங்கியதைப் படம் எடுத்து இணையத்தில் போடும்போது பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். 1940களுடையது என்றாலும் அந்தக் குடும்பம் அதே ஊரில் இருக்கலாம்.